தமரோவா விட்டுவிட்ட பாரை

1.

இடுப்பு வலிக்கிறது. கொப்பரை வெட்டுகிறவனுக்கு இடுப்பு வலிப்பதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் இது குனிந்ததால் வந்த வலி இல்லை, உட்கார்ந்ததால் வந்த வலி. தேங்காய் உரிக்கும்போது ஒரு பக்கம் வலித்தால் மறுபக்கத்துக்கு வேலையை மாற்றிக்கொள்ளலாம். எழுதும்போது அதற்கு வழியில்லை. முழு வேலையையும் இடுப்புதான் பார்க்கிறது. கை சும்மா பேருக்கு ஆடுகிறது.

இவ்வளவு வலியோடு ஏன் எழுதுகிறாய் என்று கேட்டால், தமரோவா கேட்டுவிட்டான். வேறு காரணம் கிடையாது.

எங்கள் கிரிஸ்மாஸ் தீவில் ஒருவன் உங்கள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "கேக்குறேன்" என்று சொல்லி ஒன்றைக் கேட்டுவிட்டால் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கேட்பு என்று பெயர். இல்லை என்று சொன்னால் வெட்கம் கேட்டவனுக்கு இல்லை, மறுத்தவனுக்கு. அவனோடு நிற்காது, அவன் வீட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இங்கே புதுச் சட்டை போட்டவன் அதற்குமேல் ஒரு பழைய சட்டை போட்டுக்கொண்டு வியர்த்து ஒழுகுகிறான். நல்ல கத்தி எப்போதும் கூரைக்குள் இருக்கும். தப்பிக்க ஒரே ஒரு வழி உண்டு: "இது என்னுது இல்லப்பா. இன்னொருத்தருது. பாத்துக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு." அடுத்தவன் பொருளை யாரும் கேட்க முடியாது.

தமரோவா என்னிடம் கேட்டது சட்டையை இல்லை.

"அண்ணே, கேக்குறேன். அன்னைக்கு நடந்தத எழுதிக் குடுங்க. ஊர்ல ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிச் சிரிக்கிறானுங்க. நீங்க எழுதிட்டா அதுதான் நிக்கும்."

"நடந்தத நடந்தபடி எழுதவா?"

"நடந்தபடியே எழுதுங்க. கடைசிய மட்டும் மாத்திருங்க."

2.

முதல் தொடக்கம்: சூரியன் களப்பின்மேல் தங்கத்தை உருக்கி—

வேண்டாம். சூரியன் கண்ணைக் குத்தியது. அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: கடல் தன் ரகசியங்களை—

கடலுக்கு ரகசியம் இருப்பதாக எழுதுகிறவன் அதில் வலை இழுத்திருக்க மாட்டான்.

மூன்றாம் தொடக்கம்: நான்கு நண்பர்கள் ஒரு சனிக்கிழமை மீன்பிடிக்கப் போனார்கள்.

இது எனக்குப் பிடித்திருந்தது. என் பெண்சாதி ராகேரா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"நாலு நண்பரா? நான் எப்ப இவனுங்களுக்கு நண்பரானேன்? நான் மட்டி பொறுக்க வந்தேன். லாரியில இடம் இருந்துச்சு, ஏறினேன்."

ஆகவே, மூன்று ஆண்களும் மட்டி பொறுக்க வந்த ஒரு பெண்ணும். ஒருவன் நான். மற்ற இரண்டு பேரையும் சொல்லிவிடுகிறேன்.

தமரோவா விருந்தாளிகளுக்கு மீன் காட்டுகிற வழிகாட்டி. எங்கெங்கிருந்தோ பறந்து வந்து முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறார்களே, அவர்களுக்கு. கொக்கியில் இறகையும் மயிரையும் கட்டி, பார்த்தால் நண்டு மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ செய்துகொள்வார்கள். கயிற்றைத் தலைக்குமேல் சாட்டைபோல முன்னும் பின்னும் வீசி மீனுக்கு முன்னால் அதை இறக்குவார்கள். மீன் கடிக்கும், இழுப்பார்கள், அதைக் கட்டிக்கொண்டு படம் எடுப்பார்கள். பிறகு விட்டுவிடுவார்கள். இதை முதன்முதலில் பார்த்த அன்று என் அப்பா பரிதாபப்பட்டார்: "பாவம், இவங்க ஊர்ல அடுப்பு இல்ல போலிருக்கு."

யோதெபா, தமரோவாவின் பெண்சாதிக்கு உடன்பிறந்தவன். விடுதியில் படகு ஓட்டிக்கொண்டிருந்தான். தொற்றுநோயால் விமானம் வராமல் போன அந்த இரண்டு வருடத்தில் விடுதியை மூடிவிட்டார்கள். என்னோடு கொப்பரை வெட்ட வந்தான். அவனிடம் ஓடுகிற நிலையில் ஒரு லாரி உண்டு.*

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை மறுபடி விமானம் வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். விடுதிக்காரர் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். விடுதியின் தூண்டில் கோல்கள் எல்லாம் உப்பேறிப் போய்விட்டன; இனிச் சொந்தக் கோல் இருக்கிற ஆளுக்குத்தான் வழிகாட்டி வேலை. பழைய ஆளானாலும் சரி, புது ஆளானாலும் சரி.

தீவில் நல்ல நிலையில் இருந்த இறகுத் தூண்டில் கோல் ஒன்றுதான். தமரோவா வீட்டில், பாய்க்குள் சுருட்டி வைத்திருந்தான். கடைசி விமானத்தில் போன ஒரு கிழ விருந்தாளி விட்டுப்போனது. யார் கேட்டாலும் தமரோவாவுக்கு ஒரே பதில்: "என்னுது இல்ல. அவரு வருவாரு. பாத்துக்கச் சொல்லியிருக்காரு." இரண்டு வருடம் ஊர் அதை மரியாதையோடு நம்பியது. யோதெபாவும் நம்பினான். நம்புகிற முகத்தை வைத்துக்கொண்டிருந்தான் என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும்.

* ஓடுகிற நிலை என்றால் நிற்காத நிலை. பிரேக் பற்றி யோதெபாவிடம் யாரும் பேசுவதில்லை.

3.

புதன்கிழமைக்கு முன்னால் தன் கண்ணையும் அந்தக் கோலையும் ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தமரோவாவுக்குப் பதற்றம். தீவுக்குள் ஏரிபோலப் புகுந்து கிடக்கிற கடல்தான் களப்பு; அதன் அந்தப் பக்கத்துக்குப் போக லாரி வேண்டும். யோதெபாவிடம் போய் உட்கார்ந்து கேட்டான். யோதெபா மறுக்க முடியாது. இப்படியாக, கோலை யாரிடமிருந்து ஒளித்து வைத்தானோ அவன் லாரியிலேயே அதை ஏற்றிக்கொண்டு போனோம். இதை நான் கதைக்காக ஜோடிக்கவில்லை. ஜோடித்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

ராகேரா ஒரு பெரிய பானைச் சோறு கொண்டுவந்தாள். சோறு மட்டும்.

"கறி எங்க மதினி?" என்றான் தமரோவா.

"மீன் பிடிக்கத்தானே போறீங்க? மூணு ஆம்பளைங்க, பத்தாததுக்குப் பாயில சுத்தின கோலு வேற. நான் கறி கொண்டுவந்தா உங்களுக்கு மரியாதையா?"

வெண்மணல் பரப்பில் இறங்கினோம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. தமரோவா கோலைப் பூட்டினான், நடந்தான், நின்றான், கண்ணைச் சுருக்கினான். அந்தக் கண்ணைப் பற்றிக் கிண்டல் கிடையாது. மணல்மேல் மணல் நிறத்தில் அசைகிற மீனை நான் கால்மேல் மோதினால்தான் பார்ப்பேன். அவன் லாரி நிற்கிற தூரத்திலிருந்தே பார்ப்பான்.

"பத்து மணி," என்றான் மெதுவாக. விருந்தாளிகளுக்குத் திசையைக் கடிகார முள் கணக்கில்தான் சொல்வான். "அம்பது அடி. ரெண்டு மீனு. இடப்பக்கம் போகுது. போடுங்க சார்."

யாரும் அசையவில்லை.

"போடுங்க சார். நேரமாகுது."

"எந்த சாரு மச்சான்?" என்றான் யோதெபா.

தமரோவா தன் கையிலிருந்த கோலைப் பார்த்தான். "அட, நான்தான்."

வீசினான். காற்று எதிர்த்து வந்தது. கொக்கி பின்னால் போனது, திரும்பி வரவில்லை. அவன் சட்டை முதுகில் மாட்டியிருந்தது.

"ஒண்ணு மாட்டிருச்சு!" ராகேரா மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து கத்தினாள். "பெருசாத்தான் இருக்கு. சட்டை போட்ட மீனு!"

யோதெபா கொக்கியை எடுத்துவிட்டான். "விட்டுரவா சார்? இல்ல, படம் எடுக்கணுமா?"

(தமரோவாவுக்கு வீசத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். ஆனால் அவன் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் மீனுக்காகத்தான் கத்தியிருக்கிறான். தனக்கென்று நின்றதும் கை கூச்சப்பட்டது. இரண்டு சின்ன மீனைத் தவறவிட்ட பிறகு சரியாகிவிட்டது.)

4.

இந்த இடத்தில் அன்று நான் என்ன செய்தேன் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது.

"நீ என்ன பண்ண? தண்ணிக் கேனைத் தூக்கிட்டு நின்ன," என்றாள் ராகேரா.

அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

5.

யோதெபாவை எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. இதுவரை படித்ததில் அவன் சாதுவாக வருகிறான் இல்லையா? லாரி கேட்டால் தருகிறான், கொக்கி மாட்டினால் எடுத்துவிடுகிறான். இப்படி ஒருவன் கதையில் நடமாடினால் வாசகர் சந்தேகப்பட வேண்டும். நானும் சந்தேகப்பட்டேன். அவனுக்கு அந்த வேலை வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்து கொப்பரை தோண்டும்போது அதைத்தான் பேசுவான். கோல் வேண்டும் என்று மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை. தமரோவாவின் கையைவிட்டுக் கோல் போனால் தமரோவாவின் வேலையும் போய்விடும், தன் தங்கச்சி வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிகிறது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தவன் கேட்கமாட்டான் என்று எழுத ஆசைதான். ஆனால் பசித்தவன் எதைக் கேட்பான், எதைக் கேட்கமாட்டான் என்று நான் ஜோசியம் சொல்வதில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது பரப்பின் விளிம்பில் ஒரு திருக்கை போனது. அதன் முதுகின்மேல், நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு ஒரு பாரை மீன். கறுத்த, தடித்த, ஆள் கால் நீளத்துக்கு ஒரு பாரை. திருக்கை கிளப்பிவிடுகிற நண்டைத் தின்ன அது கூடவே போகும்.

தமரோவா இந்தத் தடவை மணி சொல்லவில்லை. சாரைக் கூப்பிடவில்லை. வீசினான்.

பாரை திரும்பியது. நான் நிறையப் பசி பார்த்திருக்கிறேன், ஆனால் அவ்வளவு வேகமான பசியைப் பார்த்ததில்லை. கோல் வளைந்து முனை தண்ணீரைத் தொட்டது. ரீல் கத்தியது. தமரோவா அதைவிடச் சத்தமாகக் கத்தினான்:

"ஐயோ, என் கோலு! என் கோலு முறியப்போவுது! மச்சான், என் கோலுடா!"

ராகேரா மட்டியைக் கீழே வைத்தாள். யோதெபா என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். இரண்டு வருடம் பாய்க்குள் சுருட்டி வைத்திருந்ததை அவனே அவிழ்த்துக் களப்பு முழுக்கக் கேட்கும்படி காட்டிவிட்டான். சொன்னது அவனுக்கே தெரியாது. அவன் மீனோடு இருந்தான்.

பாரை பவளப்பாறைப் பக்கம் ஓடியது. கயிறு பாறையில் சுற்றிக்கொண்டது. இன்னும் ஒரு இழுப்பு வந்தால் கொக்கியைக் கட்டிய தங்கூசி நரம்பு அறும், இல்லை கோல் முறியும். தமரோவா நகர முடியாமல் நின்றான். யோதெபா ஓடினான். கழுத்துத் தண்ணீர், பிறகு ஆள் தெரியவில்லை. பாறைக்குக் கீழே போய்க் கயிற்றைக் கையால் பிடித்துச் சுற்றை எடுத்தான். எடுக்கும்போது மீன் இழுத்தது. மேலே வந்தபோது உள்ளங்கை குறுக்காகக் கிழிந்திருந்தது.

"போச்சா?" என்று கத்தினான் தமரோவா.

"இருக்கு, இழு!"

கோல் முறிந்திருந்தால் நேரடியாக யோதெபாவுக்கு நஷ்டமில்லை. இதை அவன் நினைத்துப்பார்த்தானா, நினைக்க நேரமிருந்ததா என்று எழுதத்தான் இந்தப் பகுதியைத் தொடங்கினேன். எனக்குத் தெரியவில்லை.

6.

மீனைக் கரையோரம் கொண்டுவந்துவிட்டோம். அதுவும் களைத்திருந்தது, தமரோவாவும் களைத்திருந்தான். அவன் மண்டியிட்டான். ஒரு கையால் வாலைப் பிடித்தான். மறு கையால் கொக்கியை ஒரு திருகு திருகி எடுத்தான். மீனின் முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பினான். தாலாட்டுகிற மாதிரி முன்னும் பின்னும் ஆட்டி அதற்கு மூச்சு வரவைத்தான். செவுள் நன்றாகத் திறந்து மூடியது.

கையை விரித்தான்.

பாரை போய்விட்டது.

தமரோவா எழுந்தான். முகமெல்லாம் சிரிப்பு. ரத்தம் சொட்டிக்கொண்டிருந்த யோதெபாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அருமை சார். ரொம்ப அருமை."

 அதற்குள் ராகேரா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எங்கடா மீனு?"

தமரோவாவின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேறு யாரோ கடன் கொடுத்த கைகள்போல.

"மதினி... பழக்கதோஷம்."

"பழக்கமா? மூணு வீட்டுக் கறிடா அது! என் பானை மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கும்?"

7.

முடிவுகள்.

தமரோவா கேட்ட முடிவு: பாரை கரைக்கு வந்த கணத்தில் கடைசியாக ஒருமுறை துள்ளியது. தங்கூசி பட்டென்று அறுந்தது. அவ்வளவு பெரிய மீனை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. தமரோவா வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கொடுத்துவிட்டேன். நல்ல முடிவுதான், நாலு பேர் நம்புவார்கள். மீனோடு போயிருக்க வேண்டிய கொக்கி மட்டும் இன்னும் கோலிலேயே மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு ராகேரா என் முன்னால் சம்மணம் போட்டாள்.

"நானும் கேக்குறேன். அந்த மீன நாம தின்னோம்னு எழுது."

"அறுந்து போச்சுன்னு இப்பத்தான் எழுதினேன்."

"அது அவன் கேட்டது. இது நான் கேக்குறது."

அவள் கேட்ட முடிவு: பாரையைத் துண்டு போட்டுத் தேங்காய்ப் பாலில் கொதிக்கவைத்தார்கள். தலையை யோதெபாவின் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மூன்று வீட்டிலும் பானை காலியானது. குழந்தைகள் முள்ளைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனார்கள்.

ஆகவே இந்தக் கதையில் மீன் அறுந்தும் போகிறது, குழம்பிலும் கொதிக்கிறது. ஒழுங்கான எழுத்தாளர்கள் யாராவது படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்களுடைய ஊரில் கேட்டால் மறுக்கலாம் போலிருக்கிறது.

யோதெபா என்னிடம் எந்த முடிவும் கேட்கவில்லை. மரத்தடியில் இரண்டு நாள் அவனாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். தேங்காயைப் பிளந்துகொண்டே இருந்தான்.

8.

நடந்தது இது.

சட்டையைக் கிழித்துக் கையைக் கட்டிக்கொண்டான் யோதெபா. லாரிக்குப் போகவில்லை. ஈர மணலில், தமரோவாவுக்கு நேரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

ராகேரா திட்டுவதை நிறுத்தினாள். என்ன வரப்போகிறது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தமரோவா கோலை மார்போடு சேர்த்துப் பிடித்தான். உதடு அசைந்தது. அந்தப் பழைய வாக்கியம், கிழ விருந்தாளி, பாத்துக்கச் சொன்னது, எல்லாம் வாய்வரை வந்தது. தான் என்ன கத்தினோம் என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது என்று நினைக்கிறேன். வாயை மூடிக்கொண்டான். அவனும் மணலில் உட்கார்ந்தான். கோலை மடியில் வைத்துக்கொண்டான், கொடுக்கத் தோதாக.

"மச்சான், கேக்குறேன்," என்றான் யோதெபா.

"கேளு."

"என் மீனக் குடு."

தமரோவாவுக்குப் புரியவில்லை. "எந்த மீனு?"

"நீ விட்டியே, அது. என் கை கிழிஞ்சு வந்த மீனு."

"அது... கடல்ல இருக்கு மச்சான்."

"தெரியும். நான் கேட்டுட்டேன்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. தமரோவா களப்பைப் பார்த்தான், கோலைப் பார்த்தான், கிழிந்த கையைப் பார்த்தான்.

"தர்றேன்," என்றான்.

சோறும் மட்டியும் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

9.

புதன்கிழமை விமானம் வந்தது. தமரோவா சொந்தக் கோலோடு வேலைக்குப் போகிறான். ஊரில் அந்தக் கோலைக் கேட்க நினைத்தவர்கள் உண்டு. அவன் அண்ணன் மகன் ஒருவன் வந்து சம்மணம் போடவே செய்தான். "யோதெபாவுக்கு நான் ஒரு மீன் தரணும். அது இந்தக் கோலாலதான் வரும். அது வரைக்கும் இத எப்படிக் குடுக்கிறது?" என்றான் தமரோவா. சொன்னது பொய் இல்லை. அண்ணன் மகன் டீ குடித்துவிட்டுப் போனான்.

யோதெபா என் பக்கத்தில் கொப்பரை வெட்டிக்கொண்டிருக்கிறான்.

அவன் அதற்காகத்தான் அப்படிக் கேட்டானா? கோலை யாரும், தானும்கூட, கேட்க முடியாதபடி கதவைச் சாத்திவிட்டானா? அப்படி எழுதினால் அவன் மகான் ஆகிவிடுவான். கொப்பரை மூட்டையைத் தூக்கும்போது அவன் பேசுகிற பேச்சைக் கேட்டவர்கள் அதை நம்ப மாட்டார்கள். இல்லை, வேலை கிடைத்தவனை ஆயுசு முழுக்க வெயிலில் நிறுத்திவைக்க வழி கண்டுபிடித்தானா? ஒவ்வொரு சனிக்கிழமையும் விருந்தாளிகள் ஓய்வெடுக்கும்போது தமரோவா பரப்பில் நிற்கிறான். யோதெபா லாரியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ஒன்றுமே இல்லாத இடத்தைக் காட்டி, "பத்து மணி, அம்பது அடி, போடுங்க சார்" என்று கத்துகிறான்.

நேராகவே கேட்டுவிட்டேன். "எதுக்குடா மீனக் கேட்ட?"

"எனக்கு மீன் பிடிக்கும்ணே," என்றான்.

போன மாதம் தமரோவா ஒரு பாரை கொண்டுவந்தான். அதே நீளம், அதே கறுப்பு. யோதெபா வாங்கிக்கொண்டான், குழம்பு வைத்தான், எங்களையும் கூப்பிட்டான். தலையைச் சப்பி முடித்து முள்ளை ஓரமாக வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"ருசியாத்தான் இருக்கு மச்சான். ஆனா இது அந்த மீனு இல்ல. அதுக்கு வால் ஓரத்துல ஒரு வெட்டு இருந்துச்சு."

"இத மொதல்லயே சொல்லவேண்டியதுதானே!"

"சாப்பிட்டுப் பாத்தாத்தான் உறுதியாத் தெரியும்."

தமரோவா சிரித்தானா, அழுதானா என்று எழுத வந்தேன். அந்த நேரம் குழம்புச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. வாலில் வெட்டு இருந்ததா என்றும் எனக்குத் தெரியாது. அதைக் கடைசியாகக் கையில் பிடித்தவன் தமரோவா. அவனும் இருந்ததென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை.

கதை இங்கே நிற்கிறது. வருகிற சனிக்கிழமை வெட்டு வால் பாரை ஒன்று திருக்கையின் முதுகில் ஏறி வரவேண்டும் என்று நினைத்தால், நீங்கள் வரவழைத்துக்கொள்ளுங்கள். அது வந்துவிட்டால் கடன் தீர்ந்து கோலின் கட்டும் அவிழ்ந்துவிடும், யோதெபா மறுபடி மணலில் உட்காரலாம் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். வரவேண்டாம் என்று நினைத்தால் அதுவும் உங்கள் பாடு. நான் வரவழைக்கப் போவதில்லை. நான் இதை எழுதி நிறுத்துகிற இன்றுவரை, தமரோவா யோதெபாவுக்கு ஒரு பாரை மீன் தர வேண்டியிருக்கிறது.